ஐந்தாம் மாதக் கவனிப்பு

சித்தம்மா ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்தே மோகனப்ரியாவுக்கு வயிற்றெரிச்சல்தான். மாமியாரின் பாசம் முழுவதும் ஜன்னலோர நாற்காலிப் பக்கமே பாய்ந்துகொண்டிருந்தது.

மண்டி மொஹல்லாவில் காய் வாங்கிக்கொண்டு அவள் மாடியேறி வந்தபோதும் அதே காட்சி.

“அஞ்சாம் மாசம் கண்ணு, சூதானமா இருக்கோணும். தேங்கா ஒடைக்காத. எழவு வீட்டுப் பக்கம் போயிராத. யாராச்சும் கூப்புட்டாங்கன்னு சாமுண்டி மலை ஏறிராத. இந்தா, மாதுளம்பழம் தின்னு.”

“போதும்மா” என்று நாற்காலி சிணுங்கியது.

மூச்சு வாங்க நின்ற மோகனப்ரியாவுக்கு, அந்த நாற்காலியில் ஒரு நிமிடமாவது உட்கார மாட்டோமா என்றிருந்தது.

“அத்தை, எனக்கும் ரெண்டு முத்து குடுங்க.”

“உனக்கென்ன, நல்லாத்தான இருக்கற? பைய வெச்சுட்டுப் போயி ஒலைய வையி.”

“என் கஷ்டம் உனக்கு எங்க புரியப் போகுது, ப்ரியா?” என்று பெருமூச்சு விட்டான் நாற்காலியிலிருந்த அவள் கணவன் மனோஜ்குமார், மூன்று மாதமாகக் கத்தி படாத தாடியைச் சொறிந்தபடி. “மாசமா இருக்கறவளோட புருஷனுக்குத்தான் எத்தன கட்டுப்பாடு!”

மோகனப்ரியா தன் ஐந்து மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாமியாரிடம் திரும்பினாள்.

“ஏனுங்கத்தை, புருஷன் பாத்திரம் வெளக்கக் கூடாதுன்னும் பெரியவங்க சொல்லியிருக்காங்களா?”

சித்தம்மா தாடையில் கை வைத்து யோசித்தாள்.

“அப்படியொண்ணும் சொன்ன மாதிரி தெரியலயே.”

“அப்ப எந்திரிங்க, மாமா” என்று நாற்காலியைப் பிடித்தாள் மோகனப்ரியா.