நல்ல கிருமி

"அரிசி டப்பாக்குள்ள மாத்திரைய ஒளிச்சு வெச்சிருக்கியே, நீ..."

"அந்த அட்டையக் கீழ வைங்க மொதல்ல..."

"நான் பேசிக்கிட்டிருக்கேன்ல!"

மரிய அருண் மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். அது உள்ளே விழுந்தால் தன் தூக்கமும் கூடவே போய்விடும் என்று அவன் மனைவி ஸ்டெல்லாமேரிக்குத் தெரியும். மறுபடியும் விடிய விடிய அழ அவளுக்குத் தெம்பில்லை.

"வயித்துக்குள்ள நல்ல கிருமி போனா மனசுல பயம் போவும், கவலை போவும்னு சொல்லி சாரம் ஏரியா முழுக்க கேப்சூல் விக்கிறவன் நான். என் பொண்டாட்டியே கோரிமேட்டு ஆஸ்பத்திரில பைத்தியக்கார மாத்திரை வாங்கித் தின்னா, எவன்டி எங்கிட்ட வாங்குவான்?"

"உங்க கேப்சூலத்தான் ஆறு மாசம் முழுங்குனேனே! கிருமிங்க நல்லா இருந்துச்சுங்க. நான்தான் நல்லா இல்ல."

"கொழுப்புடி! நானும் அதத்தான் சாப்புடறேன். முன்ன மாதிரி எனக்குக் கை நடுங்குதா? படபடப்பு வருதா?"

"இல்லதான்."

"அப்ப அது எதால?"

ஸ்டெல்லாமேரிக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"செவ்வாக்கெழம அந்தோணியார் கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு கோரிமேடு போனேன், ஒத்துக்கறேன். அன்னிக்கு நீங்க கனகசெட்டிக்குளத்துல கஸ்டமரப் பாக்கப் போனீங்க, இல்ல?"

"ஆமா," என்றான். குரல் இறங்கியிருந்தது.

"அப்புறம் ஏங்க, வண்டி ஓட்டும்போதே ஹெல்மெட் போடாத மனுசன், மனநோய் டாக்டர் ரூம் வாசல்ல, ஆம்பளைங்க வரிசையில, ஹெல்மெட்டக் கழட்டாமலே நின்னீங்க?"