எல்லோருக்கும் ஒரே முடிவு

வீட்டுச் சுவரில் ஓடும் படம் இப்போதெல்லாம் பார்ப்பவருக்கு ஏற்றபடி மாறிக்கொள்கிறது. ஒரே சோபாவில் உட்கார்ந்தாலும் எனக்கும் என் கணவர் தேவசகாயத்துக்கும் வேறு வேறு முடிவு. பிறகு பேச என்ன இருக்கிறது?

டைரக்டர் இருதயராஜ் மட்டும் இதற்கு மசியவில்லை. கல்லறையில் நடக்கும் கதைக்காகப் பொம்மைகளைக் கையால் இம்மி இம்மியாக நகர்த்தி எடுத்த அவர் படம் வெள்ளிக்கிழமை வருகிறது. பொம்மை ஒருமுறை கண்சிமிட்ட ஒரு நாள் உழைப்பாம்! தியேட்டரில் மட்டும்; எல்லோருக்கும் ஒரே முடிவு.

"பிணத்துக்குப் பவுடர் பூசுற ஆளு. போன படம் மாதிரி இதுலயும் கடைசில குழந்தையைக் கொன்னுருப்பான்," என்றார் இவர்.

"அவரு மேதைங்க. உங்களுக்குத்தான் ரசனை கிடையாது."

தோசை கருகியதுகூடத் தெரியாமல் சண்டை போட்டோம். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை.

எனக்கு ஒரு டிக்கெட் போட உட்கார்ந்தேன்.

"ரெண்டா போடு, பக்கத்துப் பக்கத்துல," என்றார். "நான் திட்டுறதைக் கேக்க ஆள் வேணும்ல."