நாலாம் பக்கத்துப் பிறந்தநாள்

“ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்கட கதையில வாற சங்கிலி மூச்சு விடேல்லை.”

தேனுகா தாள்களை மேசையில் வைத்தாள். கிளிநொச்சியில் அவள் நடத்தும் சிறு பத்திரிகையின் அடுத்த இதழில் ஒரு கதைக்கு மட்டும் இடம் மிச்சமிருந்தது. அதற்காகத்தான் கனகலிங்கம் கனகராயன்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

“மூச்சு விடேல்லையோ? முப்பது வருசம் என்னோட பசைவாளி தூக்கின மனுசன் பிள்ளை அவன். நான் எழுதின துண்டுப்பிரசுரம் எல்லாத்தையும் சுவரில ஒட்டினவன். அவனை எனக்குத் தெரியாதோ?”

“அவற்றை பிறந்தநாள் எப்ப?”

கனகலிங்கம் சிரித்துவிட்டார். “கேக் வெட்டி மெழுகுதிரி ஊதுறது காசுக்காரற்றை விளையாட்டு. உழைக்கிற சனத்துக்கு ஏது பிறந்தநாள்?”

“கேக் வேண்டாம் ஐயா. ஆனா நாள் ஒண்டு இருக்குமே. அண்டைக்கு எந்தச் சேட்டைப் போடுவார்? ஆற்றை வீட்டை போவார்? ஆர் அதை நினைவு வைச்சிருக்கினம்? கதையில எழுதாட்டியும் பரவாயில்லை, அதைத் தெரிஞ்சுகொண்டு எழுதுங்கோ. ஆள் தானா எழும்பி நடக்கும்.”

“பிறந்தநாள்தானே வேணும்? நாலாம் பக்கத்தைப் பாரும். ஓகஸ்ட் பன்ரெண்டு. தோய்ச்ச வெள்ளைச் சேட்டுப் போட்டு, பூசணிக்காய் ஒண்டைச் சைக்கிளில கட்டிக்கொண்டு ஐஞ்சு மைல் என்ர வீட்டை வாறான். சண்டை முடிஞ்சு முகாமில கிடந்த வருசத்தைத் தவிர ஒரு வருசமும் தவறினதில்லை.”

தேனுகா அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

“அது உங்கட பிறந்தநாள் ஐயா. அவற்றை எப்ப எண்டுதான் கேட்டனான்.”

கனகலிங்கம் தாள்களை அள்ளிப் பைக்குள் வைத்தார்.

“வெள்ளிக்கிழமைக்கிடையில திருத்தித் தாங்கோ. இல்லாட்டி வேற ஆக்களின்ர கதையைப் போடவேண்டி வரும்.”

பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தார். நாற்பது வருசம் பேனை பிடித்த மனிதனுக்கு, நேற்றுப் பிறந்த பிள்ளை பாடம் எடுக்கிறாள்! ஆனாலும் இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டோ பிடித்து நேரே சங்கிலியின் கச்சான் கடலைத் தோட்டத்துக்குப் போனார்.

“வாங்க தோழர், வாங்க!”

‘தோழர்’ என்று கூப்பிடச் சொல்லிப் பழக்கியது கனகலிங்கம்தான். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவன் சங்கிலி. பேச்சு மட்டும் இன்னும் மாறவில்லை.

“சங்கிலி, உன்ர பிறந்தநாள் எப்ப?”

சங்கிலி பிடுங்கிய புல்லைக் கீழே போட்டான். “அதெல்லாம் எதுக்குங்க தோழர்?”

“கதைக்கு.”

“ஏதாச்சும் ஒரு தேதியப் போட்டுக்குங்க.”

“பொய் எழுதச் சொல்லுறியோ? அடையாள அட்டையைக் கொண்டா பாப்பம்.”

“அது எங்கயாச்சும் கெடக்கும்.”

கனகலிங்கத்துக்குக் கோபம் ஏறிவிட்டது. “முப்பது வருசத் தோழமை. என்னட்டையே ஒளிக்கிறாய், என்ன?”

குசினிக்குள் நின்ற மீனம்மா வெளியே வந்தாள். “காட்டித்தான் விடுங்களேன். களவாண்டதா என்ன?”

“களவாண்டதுதானே,” என்று முணுமுணுத்தான் சங்கிலி.

மீனம்மா அலுமாரியைத் திறந்து அட்டையை எடுத்துவந்து கொடுத்தாள். கனகலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார். வருசம் வேறு. மாதமும் திகதியும் ஓகஸ்ட் பன்னிரண்டு.

“இதென்ன? இது என்ர நாளெல்லோ?”

சங்கிலி தலையைச் சொறிந்தான். “எனக்குத் தேதி தெரியாதுங்க. பேப்பரெல்லாம் கலவரத்துல லயத்து வீட்டோட எரிஞ்சு போச்சு. கார்டுக்கு எழுதிக் குடுக்கப் போன அன்னைக்கு, நீங்க வெளிய நின்னு ‘இவனும் இந்த மண்ணின் மனுசன்’னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தீங்க. உள்ள கிளாக்கர் ஐயா தேதி கேட்டாரு. சாட்சிக்குன்னு நீங்க குடுத்த ஒங்க கார்டு எங்கையில இருந்துச்சு. அதப் பாத்துச் சொல்லிட்டேன்.”

“அப்ப நீ வருசா வருசம் பூசணிக்காயோட வாறது?”

“ஒங்க பொறந்தநாளுக்குத்தான் தோழர்.” சற்றுத் தயங்கினான். “ஒங்க வீட்டம்மா பாயாசம் குடுப்பாங்கள்ல? அது எனக்கும் சேத்துத்தான்னு நெனச்சுக் குடிச்சிட்டு வந்துருவேன்.”

பாயாசம் என்றதும் கனகலிங்கத்துக்குத் தன் வீட்டுப் பின்படி நினைவுக்கு வந்தது.

அந்த நாளில் அவர் முன்விறாந்தைக் கதிரையில் இருந்து கண்ணாடிக் கிளாஸில் பாயாசம் குடிப்பார். சங்கிலி குசினியின் பின்படியில் இருந்து குடிப்பான். அவனுக்கென்றே ஒரு நெளிந்த தகரப் பேணி தாழ்வாரத்தில் செருகியிருக்கும். குடித்து, கழுவி, அவனே திரும்பச் செருகிவிட்டுப் போவான்.

அதை அங்கே வைத்தது மனைவி விமலேஸ்வரி. முப்பது வருசமாகக் கண்டும் காணாமல் இருந்தது, சமத்துவம் பற்றி நூறு துண்டுப்பிரசுரம் எழுதிய கனகலிங்கம்.

நாலாம் பக்கத்தில் வெள்ளைச் சேட்டு இருந்தது. பூசணிக்காய் இருந்தது. பேணி இல்லை.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்தமுறை நீ வரவேண்டாம் சங்கிலி.”

சங்கிலியின் முகம் சுருங்கிப் போயிற்று. “கோவமா தோழர்? தேதிய வேணும்னா எழுதிக் குடுத்து மாத்திக்கிறேன்...”

“மாத்தாதை. பன்ரெண்டாம் திகதி நான் இங்க வாறன். பூசணிக்காய் என்ர சைக்கிளில வரும். விமலேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு வாறன்.” மீனம்மாவின் பக்கம் திரும்பினார். “பாயாசம் வைப்பியளோ?”

மீனம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“தாராளமா வாங்க. ஆனா ஒண்ணு, எங்க வீட்டுல யாருக்கும் தனிப் பேணி கெடையாது.”