தப்பான கட்டம்

இன்று சட்டமன்றக் குழு முன் பேச வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சீட்டு தந்தார்கள். மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். பெரியவர்களுக்கான எங்கள் மாலை வகுப்பிலிருந்து வந்தவர்களில் முதலில் முடித்தது நான்தான். மூன்று முறை சரிபார்த்தேன்.

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் மசோதா அது. நிறைவேறினால் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு நிதி குறையும். மாலை வகுப்புக்குத்தான் முதல் பூட்டு.

"ஆதரிக்கிறவங்க முதல்ல," என்றார் குழுத் தலைவர். "டார்லா ஹட்சின்ஸ்!"

என் பெயர்.

"அடியே, ஆதரவுன்னா போட்ட?" பக்கத்திலிருந்த வெர்லீன் கிள்ளினாள். "இந்தக் கூத்தை உன்னை விட்டா யாருடி பண்ணுவா?"

மைக் முன் நின்றேன்.

"கட்டத்தை மாத்திப் போட்டுட்டேங்கய்யா. எங்க ஊர்லேருந்து தனியார் பள்ளிக்கு எழுபது மைல். வவுச்சர் வேணாம். இருக்கிற பள்ளிக்குப் பணம் குடுங்க."

"கட்டம் பாக்கக்கூடத் தெரியலையே, எந்தப் பள்ளிம்மா நீ?"

"நிதி இல்லாத பள்ளிங்கய்யா."

சிரிப்பில் அரங்கம் அதிர்ந்தது. டிவி கேமராக்கள் என் பக்கம் திரும்பின.

"போதும்! நிஜமான ஆதரவாளர் வாங்க," தலைவர் அடுத்த சீட்டை எடுத்தார். "வெர்லீன் டப்ஸ்!"

வெர்லீனின் முகம் வெளுத்தது. மைக் அருகே போய், "எனக்கும் அதே தப்புதாங்கய்யா," என்றாள்.

அடுத்து கிளைட். அடுத்து ஓப்பல். கேமராக்கள் கிளம்புவதற்குள் எங்கள் வகுப்பின் பதினெட்டுப் பேரும் பேசி முடித்துவிட்டோம்.

வாரத் தேர்விலேயே என் தாளைப் பார்த்து எழுதுகிறவர்கள், இந்தச் சீட்டை மட்டும் விட்டுவைப்பார்களா?