பயந்தவன் அளவு

சண்டை ஓய்ந்திருந்த தொண்ணூற்றைந்து பங்குனியில், பருத்தித்துறைக் கடலில் சங்கு குளிக்கப் போன வள்ளத்தில், பரமலிங்கம் முதலாளி எனக்குப் புது மெசினைக் காட்டினார். கைக்கடிகாரம் போலிருந்தது. தண்ணீரின் அமுக்கத்தை அளந்து, குளிப்பவன் மேலே வரவேண்டிய நேரத்தில் அது கத்துமாம்.

"துணிஞ்சவனுக்கு ஒரு அளவு, பயந்தவனுக்கு ஒரு அளவு இதிலை கிடக்கு. எதிலை விட, இளையதம்பி?"

"பயந்தவன்ரையிலை விடுங்கோ முதலாளி."

"அரைவாசிச் சங்கோடை ஏறிவிடுவாய்!"

"எங்களோடை குளிச்ச சோமசேகரம் அண்ணை கனநேரம் அடியிலை நிண்டு, இப்ப இடுப்புக்குக் கீழை விளங்காமல் கிடக்கிறார். எனக்கும் இப்ப தோள்மூட்டு குத்துது."

"உனக்கு வயசு போட்டுது." அலுத்துக்கொண்டே பொத்தானை அமத்தினார். "சரி, பயந்தவன். திருப்தியோ?"

"ஓம் முதலாளி."

பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக இறங்கினேன். என் இடுப்புக் கயிற்றை அவர் மேலிருந்து இழுத்தால் நான் ஏறவேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். கயிறு அசையவேயில்லை. சிலிண்டரில் காற்று முடியும்வரை சங்கு பொறுக்கினேன்.

வள்ளத்தில் ஏறியபோது தோள் எரிந்தது. கால்கள் மரத்துப்போயிருந்தன.

"ஏன் முதலாளி கயித்தை இழுக்கேல்லை?"

"மெசின் கத்தினாலல்லோ இழுக்கிறது?"

அவர் மடியிலிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து மெசினை எடுத்துக் காட்டினார்.

"பார், பயந்தவன்ரையிலைதான் கிடக்கு. ஒரு சொட்டு உப்புத் தண்ணி படாமல் வச்சிருக்கிறன்."