நாலாவது மாடியில் ஒரு மக்கு

"ஹி இஸ் மே லேட்," என்றார் லிஃப்ட் அண்ணன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டியபடி நின்றிருந்தார். நாலு மாடிக்குக் கீழே, சிக்னலில் ஒரு ஆள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஏன் ஓடுகிறான் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். அதுதான் அன்றைய பாடம்.

"இஸ் வேண்டாம். ஹி மே பி லேட். நிச்சயமாத் தெரியாது, தாமதமாகியிருக்கலாம்னு அர்த்தம்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் நாக்கு நுனியிலும் அதே தப்புதான் தயாராக நின்றிருந்தது.

நல்லவேளை, நம்மைவிட மக்கு ஒருத்தர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. பதினாறு வருடமாக ஒரு நாளைக்குப் பதினாலு கட்டில். மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகிச் செருகி முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாடிப் பொறுப்பாளர் இடம் காலியாகிறது. குனிய வேண்டியதில்லை. ஆனால் தங்க வருகிறவர்களிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். மேனேஜர் ஐந்து நிமிடம் பேச விட்டுப் பார்ப்பார். தேறாவிட்டால் கட்டிலா, வீடா என்று முழங்கால்தான் முடிவு செய்யும்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் பெயர் கொடுக்க வந்த அன்றைக்கு லிஃப்டை விட்டு இறங்கவே பயந்து, இரண்டு தடவை மேலேயும் கீழேயும் போய் வந்தாள். அப்போது லிஃப்டை ஓட்டியவர்தான் இந்த அண்ணன். நாலு மணிக்கு வேலை முடிந்ததும் சீருடையோடு வந்து வகுப்பில் உட்காருவார்.

உட்கார்ந்து என்ன? வாயைத் திறந்தால் தப்பு.

"தி பஸ் மைட் இஸ் ஃபுல்" என்பார். ஒரு நாள், "மே நாட், கான்ட், ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?" என்று கேட்டார். அந்தச் சந்தேகம் அவளையும் இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. கேட்கத்தான் கூச்சம்.

"ஒண்ணு இல்லை. கடை பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் இருக்கலாம், தெரியலைன்னா மே நாட் பி ஓப்பன். கதவுல பூட்டே தொங்குது, திறந்திருக்க வாய்ப்பே இல்லைன்னா கான்ட் பி ஓப்பன்."

அவள் அவசரமாக எழுதிக்கொண்டாள். அவர் எழுதவே இல்லை.

வெளியே வரும்போது அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏன்ணே, ஊரையே மேல ஏத்துறீங்க. உங்க மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குதே?"

"ஏறுதும்மா. ஏறினது அப்பவே இறங்கிடுது. தொழில் அப்படி."

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

அந்த நாளும் வந்தது. மேனேஜர், ஓட்டலில் தங்க வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டாக்ஸி எப்போது வரும், ஸ்டேஷனுக்குப் போக எவ்வளவு நேரமாகும், மழை வருமா என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் நாக்கில் ஒரு 'இஸ்' வந்து நின்றது. லிஃப்ட் அண்ணனும் அவர் வாங்கிய சிரிப்பும் ஞாபகத்துக்கு வர, அதை விழுங்கினாள்.

"இட் மே டேக் ஹாஃப் அன் அவர், சார். தேர் குட் பி டிராஃபிக்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டாள். பையில் டீச்சருக்கு நல்ல பேனா ஒன்று, பெட்டியோடு. அந்தப் புண்ணியவதி இல்லாவிட்டால் இந்த வேலை கிடைத்திருக்குமா?

லிஃப்ட் பழுதாகித் தரைத்தளத்திலேயே நின்றிருந்தது. லிஃப்ட் அண்ணன் அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நோ சார், இட் கான்ட் பி தி மோட்டார். இட் இஸ் ரன்னிங். இட் குட் பி தி டோர் சென்சர். யு மே ஹாவ் டு சேஞ்ச் இட்."

தண்ணீர் ஓடுகிற மாதிரி இங்கிலீஷ். மோட்டாராக இருக்க முடியாதாம், கதவு சென்சராக இருக்கலாமாம், மாற்ற வேண்டியிருக்குமாம். ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர், அவளைப் பார்த்து அசடு வழிந்தார்.

"கப்பல் இன்ஜின் ரூம்ல இருபது வருஷம்மா. அங்க இதான் பேச்சு."

அவளுக்கு முகம் சிவந்தது. "அப்போ எங்களைக் கேலி பண்ணத்தான் வந்து உட்கார்ந்தீங்களா?"

"ஐயையோ, இல்லம்மா." அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க மறந்துட்டீங்க. முதல் நாள் நாலாவது மாடியில கதவு திறந்தும் இறங்காம நின்னீங்க. என்னைவிட மக்கு ஒருத்தராவது உள்ள இருப்பாங்களாண்ணேன்னு கேட்டீங்க. நான், இருக்கலாம்மான்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி இறங்கிப் போனீங்க."

"ஆமா..."

"அப்புறம் டீச்சர்கிட்ட விசாரிச்சேன். மத்தவங்க எல்லாரும் ஓரளவு பேசுறவங்கன்னு சொன்னாங்க. நான் சொன்னது பொய்யாகிடக் கூடாதில்லையா? மறுநாளே போய் என் பேரைக் கொடுத்துட்டேன்."

அவள் பையைத் துழாவி, பேனாப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்து மூடினாள்.

"டீச்சருக்கு வாங்கினது மாதிரி இருக்கேம்மா?"

"இருக்கலாம்ணே," என்றாள்.