பெட்டிக்கு ஒரு பெயர்

“ராசாக்கள்ட சண்டை முடிஞ்ச நாளில சனம் என்ன செஞ்சதெண்டு உங்கட சரித்திரப் புத்தகத்தில இருக்கா, புள்ள?” நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சின்னத்தங்கம் மாமி ஒருமுறை கேட்டார். புத்தகத்தில் ஆண்டு மட்டும்தான் இருந்தது.

இன்று கண்ணகி அம்மனைக் குளிர்விக்கும் வைகாசிக் குளிர்த்தி. அரிசியும் தேங்காயும் வெற்றிலையும் வைத்த ஓலைப்பெட்டிகளோடு பெண்கள் வரிசையில் நிற்கிறோம். போர் முடிந்துவிட்டதாகக் கடை வானொலி சில நாட்களாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வீதியில் ஆமிக்காரர் வெடி கொளுத்துகிறார்கள்; புகை வெயிலில் கலையாமல் நிற்கிறது. “நகருங்கடி, அம்மாள் குளிர முதல் நாங்க வெந்திருவம்,” என்கிறார் பின்னால் நிற்கும் பத்தினிப்பிள்ளை அக்கா. யாரும் சிரிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களின் பெயருக்குத்தான் இங்கே பெட்டி வைப்பது. சுனாமி கொண்டுபோன கணவரின் பெயரை மாமி அடுத்த வருடமே விட்டுவிட்டார். போர் நடந்த வன்னியில் இருந்த மகன் ரதீஸின் பெயரை மட்டும் வருடாவருடம் சொல்லிவந்தார். அவனிடமிருந்து தை மாதத்துக்குப் பிறகு செய்தி இல்லை.

பூசை செய்யும் கப்புகனார் மாமியின் பெட்டியை வாங்குகிறார்.

“ஆர்ட பேருக்கு, தங்கச்சி?”

மாமியின் உதடு அசைகிறது. சத்தம் வரவில்லை. நெற்றி வியர்வை வெற்றிலையில் சொட்டுகிறது.

“சொல்லுங்க தங்கச்சி, பின்னால சனம் நிக்குது.”

பெட்டியை அவர் கையிலேயே விட்டுவிட்டு, மாமி வெளியே நடக்கிறார்.